பிரிவு பதினான்கு

மூன்று நேர்காணல். மூன்று வெவ்வேறு ஆட்கள்,
மூன்று வெவ்வேறு வரவேற்பறை நாற்காலிகள்.
வேண்டாம் என்பவர் ஏன் என்று ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும்.
அந்தப் பக்கம் விண்ணப்பித்தவருக்குக் காட்டப்படாது.
தட்டச்சு செய்பவள் நான்.
எனக்குக் காட்டாமல் முடியாது.

மொந்தெவிதேயோ, கனெலோனெஸ் தெரு, இரண்டாம் மாடி.
இருபத்தாறு வருடமாக
உளப்பகுப்பாய்வுப் பயிற்சியின் விதிமுறைகள்
என் மேசை வழியாகத்தான் போய்வருகின்றன.
வாரம் நான்கு நாள், நாளுக்கு ஐம்பது நிமிடம்
தன்னையே முதலில் படுக்கவைத்துப் பார்க்கவேண்டும்.
நானூறு அமர்வு முடிந்தபின்தான் முதல் நோயாளி.
கருத்தரங்குக்குக் காலதாமதமாக வந்த ஒருவர்
கனவு காரணம் என்று எழுதினார், ஏற்றார்கள்.
பஸ் காரணம் என்று எழுதியவரைக்
கூப்பிட்டு விசாரித்தார்கள்.

வாஷிங்டன் பெந்தான்கூர், மாட்டு மருத்துவர்,
வடக்கே தக்குவாரெம்போவிலிருந்து விண்ணப்பித்தார்.
மருத்துவராக இருக்கவேண்டும் என்றது விதி,
யாருக்கு மருத்துவர் என்று சொல்லவில்லை.
இரண்டு மாதம் அதையே பேசினார்கள்.
ஏன் இந்தப் பயிற்சி என்ற கட்டத்தில்
அவர் எழுதியது இவ்வளவுதான்:
மாடு தனக்கு எங்கே வலிக்கிறதென்று சொல்லாது.
ஆளும் சொல்வதில்லை, பேசிக்கொண்டே இருக்கிறார்.

சேர்த்துக்கொண்டார்கள்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை
அவருடைய பகுப்பாய்வாளர் டாக்டர் எர்மெலிண்டா சாஸ்ட்ரே
இறந்துபோனார்,
முன்னூற்றுப் பன்னிரண்டாவது அமர்வுக்கும்
அடுத்ததற்கும் நடுவே.
சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.
மணியடித்திருக்கிறார். திறக்கவில்லை.
படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்
ஐம்பது நிமிடமும்.
வாளியோடு ஏறிவந்த காவலாளிதான் சொன்னான்.

நனைந்த சப்பாத்தோடு என்னிடம் வந்தார்.
மாத்தேக் குடுவையை நீட்டினேன்,
கையில் வாங்கினார், குடிக்கவில்லை.
அந்த முன்னூற்றுப் பன்னிரண்டும் கணக்கில் வருமா,
ஒன்றிலிருந்து மறுபடியா?
பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு:
அந்தச் செவ்வாய்க்கிழமை?

புத்தகத்தைப் புரட்டினேன்.
பயிற்சியாளர் வராவிட்டால் கட்டணம் உண்டு, கணக்கு இல்லை.
பகுப்பாய்வாளர் வராவிட்டால் இரண்டும் இல்லை.
நான் போனேனே, என்றார்.
நீங்கள் போனீர்கள், என்றேன்.
அதற்குமேல் எனக்கு விதி தெரியவில்லை.

குழு ஆறு முறை கூடியது.
துக்கம் விடுப்பா பாடமா என்று
ஒருவர் கேட்க, கதவைச் சாத்தினார்கள்.
மெத்தை வைத்துத் தைத்த கதவு அது,
ஊமை கண்ட கனா மாதிரி
வாய்கள் அசைவது மட்டும் கண்ணாடியில் தெரியும்.
நவம்பரில் பிரிவு பதினான்கைத் திருத்தினார்கள்:
பகுப்பாய்வாளர் இறக்க நேர்ந்தால்
அதுவரை நடந்தவை கணக்கில் கொள்ளப்படும்.
ஆறு மாதம் விடுப்பு, பாதிக் கட்டணம்.
ஏழாவது மாதம் புதியவர் ஒருவரிடம்.
படிக்கட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.
அதை அந்தப் புதியவரிடம் பேசட்டும் என்றாராம் தலைவர்.

'இறக்க நேர்ந்தால்' என்று அடித்தபோது
என் கை ஒருமுறை நின்றது.
அந்த அம்மாள் மாதக் கடைசியில் வருவார்,
ரசீதுப் புத்தகம் வாங்க,
குடையை எப்போதும் என் நாற்காலியில் மாட்டிவிட்டு மறப்பார்.

திருத்திய பிரதியை வாங்க வந்த வாஷிங்டன்
நின்றபடியே இரண்டு முறை படித்தார்.
சட்டைப்பையிலிருந்து உறை ஒன்றை எடுத்து
மேசைமேல் வைத்தார்.
ஓர் அமர்வுக்கான பணம், சில்லறை உட்பட.
யாருக்கு ரசீது போட, என்று கேட்டேன்.
அவர் அதற்குள் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது அவருக்கே இரண்டு நோயாளிகள்,
வாரம் நான்கு நாள் வருகிறார்கள்.
உறை என் இழுப்பறையில் இருக்கிறது.
மார்ச் மாதத் தணிக்கைக்காரன் வருடாவருடம் எடுத்துப் பார்த்து
இது எந்தக் கணக்கு என்பான்.
பிரிவு, என்பேன்.
பேனாவைத் திறந்துகொண்டு அவன் கேட்பான்:
எந்தப் பிரிவு?